மாப்பிள்ளை கார்

நட்டு கழலவில்லை.

நவாஸ் ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாயைச் செருகி, குழாயின் மேல் ஏறி நின்றான். எழுபத்தெட்டுக் கிலோ. நட்டு அசையவில்லை. லேசாகக் குதித்தான். குழாய் நழுவிப் பறந்து கோழிக்கூட்டின் கதவைப் பெயர்த்தது. ஆறு கோழிகள் வெளியே வந்து, யாருடா இவன் என்பதுபோல அவனைப் பார்த்தன.

"இடப்பக்கச் சக்கரத்துக்கு மரை மறுபக்கமாச் சுத்தும், மாப்ள," என்றது ஒரு குரல். "நீங்க கழட்டல. இறுக்கிக்கிட்டு நிக்கீய."

வீரபாகு அண்ணாச்சி. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணி என்ஜின்களைப் பிரித்துப் பூட்டியே தலை நரைத்தவர். காரை ஏறிட்டும் பார்க்காமல் ஸ்பேனரை எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். நட்டு கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"எப்படி அண்ணாச்சி தெரிஞ்சுது?"

"தோணி பாத்த கை," என்றார் அவர்.

நவாஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ இத்தாலியில் முறுக்கிய மரை, தூத்துக்குடி வீரபாகுவின் கைக்குக் கட்டுப்படுகிறது.

காயல்பட்டினத்தில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவான். வளைகுடாவில் வேலை இருக்கிறவரை அது ராஜ மரியாதை. வேலை போய்த் திரும்பி வந்து, மாமியார் வீட்டுக் கூடத்தில் காலையிலும் மத்தியானமும் உட்கார்ந்திருப்பது வேறு கதை. மாமியார் உம்மு ஹானிக்கு நான்கு பெண்கள்; கடைசிப் பெண் ருகையாவுக்கு இப்போதுதான் நிக்காஹ். மூத்த மாப்பிள்ளை ஜக்கரிய்யா ஊரில் அத்தர்கடை வைத்து நிமிர்ந்துவிட்டார். இரண்டாவது முஜாஹித் சவூதியில், தம்மாமில். மூன்றாவது, நுஸ்ரத்தைக் கட்டிய நவாஸ். ஷார்ஜாவிலிருந்து வந்து மூன்று மாதமாகிறது. வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மூன்று வேளையும் மீன் வைத்தார்கள். பெரிய துண்டு அவனுக்குத்தான். அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய முள் ஒன்று இருந்தது. நிக்காஹ் பேசிய நாளிலிருந்து அவன் சொல்லி வந்தது, "கார் லைன்ல சூப்பர்வைசர்." உண்மையில் பழைய கார் விற்கும் ஒரு யார்டில் ராக்காவல். ஒன்பது வருஷமாகக் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான், அவ்வளவுதான். ஒன்றின் மூடியைக்கூடத் திறந்ததில்லை.

போன மாதம் ஒரு காலை மாமியார் அவன் முன்னால் ஒரு சாவியை வைத்தாள்.

"மாப்பிள்ளை, பின்கட்டுக் கொட்டகையில ஒரு கார் ஈக்குது. ருகையா நிக்காஹுக்கு அங்கன பந்தல் போடணும். நீங்கதான் கார் லைனாச்சே, ஓட வைக்க முடிஞ்சா வைங்க. இல்லாட்டி பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிட்டுப் போவட்டும்."

"யார் கார் மாமி?"

"நுஸ்ரத் வாப்பா கொழும்புல கல் வியாபாரம் செஞ்சப்போ தோணியில ஏத்தி அனுப்புனது. அவங்க கண்ண மூடுனதுலேர்ந்து அது மாப்பிள்ளை கார்தான்."

மாப்பிள்ளை கார்! நவாஸின் மனக்கண்ணில் மல்லிகைச் சரம் ஆடியது. பின்னால் ருகையாவின் மாப்பிள்ளை, ஸ்டியரிங்கில் அவன், இரண்டு பக்கமும் ஊர். ஓடவில்லையென்றால் அதே ஊர் வேறு மாதிரி பேசும். கார் லைன்காரனுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று.

தார்ப்பாயை இழுத்தபோது அவன் இரண்டடி பின்வாங்கினான். ஆயிரம் கார்களைக் காவல் காத்தவன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஓங்கல் என்கிற டால்பின் தண்ணீரை விட்டுத் துள்ளுகிற அந்த ஒரு நொடியைத் தகரத்தில் அடித்து வைத்ததுபோலக் கிடந்தது. சிவப்பு மங்கியிருந்தது. ஆனாலும் வளைவுகள் மங்கவில்லை. ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். பெயருக்குச் சிலந்தி என்று அர்த்தம். உள்ளே நாற்பது சிலந்திகள் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

மூக்கில் ஒரு வட்டச் சின்னம். அதில் ஒரு பாம்பு, பாம்பின் வாயில் ஒரு மனிதன்.

மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "இவன் உள்ள போறானா, வெளிய வாறானா?"

"தெரியல மாமி."

"போகப் போகத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த பிரச்சினை என்ஜின். பிஸ்டன்கள் பூட்டிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி நான்கு துளையிலும் எண்ணெய் விட்டு, "மூணு நாளைக்குத் தொடாதீய," என்று சொல்லிப் போனார். நவாஸ் இரண்டாம் நாளே தொட்டான். கியரில் போட்டு ஆட்டினால் இளகும் என்று கைபேசியில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான். ஆட்டினான். பிஸ்டன் இளகவில்லை, கியர் நழுவியது. பிரேக் இல்லாத கார் சரிவில் உருண்டு, கதவு மட்டும் போயிருந்த கோழிக்கூட்டின் மிச்சத்தையும் முடித்து வைத்தது. வீடிழந்த கோழிகள் காருக்குள் குடியேறின. ஒரு பெட்டைக்கோழி டிரைவர் சீட்டில் அடைகாக்க உட்கார்ந்தது. நவாஸ் கிட்டே போனால் கொத்தியது.

"எழுப்பாதீங்க, பாவம்," என்றாள் நுஸ்ரத். "பொரிக்க இருபத்தோரு நாள் ஆகும்."

"நிக்காஹுக்கே பதினெட்டு நாள்தான் ஈக்குது!"

"அப்ப நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து வேலையப் பாருங்க."

மூன்றாம் நாள் அண்ணாச்சி என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். நவாஸ் அதைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தான். மூடியின் உள்பக்கம், உலோகத்தில் கையால் கீறிய இரண்டு ஆங்கில எழுத்துகள். இசட். எம்.

"அண்ணாச்சி! இத செஞ்ச இத்தாலிக்காரன் கையெழுத்துப் போட்டு வச்சீக்கிறான்!"

"அப்படியா?" என்று அண்ணாச்சி மும்முரமாகத் தும்மினார்.

நவாஸ் அந்த எழுத்துகளைத் தடவினான். அறுபது வருஷத்துக்கு முன் ஒரு மனிதன், தன் வேலையில் அவ்வளவு கர்வத்தோடு, யாரும் பார்க்காத இடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறான். நவாஸ் ஒன்பது வருஷம் வேலை செய்த இடத்தில் எழுதி வைக்க அவனுக்கு ஓர் எழுத்தும் இல்லை. அன்று சாயங்காலம் ஜக்கரிய்யா வந்தபோது மூடியைத் துணியில் பொதிந்து எடுத்து வந்து காட்டினான்.

"ஜக்கரிய்யா காக்கா, இசட்டுன்னா என்ன பேரா இருக்கும்?"

ஜக்கரிய்யா வெகுநேரம் பார்த்தார். பிடரியைச் சொறிந்தார். "யாரோ ஒரு பாவப்பட்ட மனுசனா இருக்கும், தம்பி," என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமலே போய்விட்டார்.

கார்புரேட்டர்களில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. வெந்நீரில் போட்டால் இளகும் என்றார் அண்ணாச்சி. அடுப்படியில் கைக்குக் கிடைத்த பெரிய சட்டியில் போட்டு நவாஸ் கொதிக்க வைத்தான். பிசின் இளகியது. சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தான். அது மாமியார் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவிக்கிற சட்டி. மறுநாள் ருகையாவின் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் விருந்துக்கு வந்தார்கள்.

மாப்பிள்ளையின் உம்மா ஒரு வாய் வைத்தார். புருவம் ஏறியது. "இதுல என்னமோ ஒரு வாசம் ஈக்குதே?"

திரைக்கு இந்தப் பக்கம் நவாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"கொழும்பு ஏலக்காய்," என்றாள் உம்மு ஹானி, முகம் மாறாமல்.

"அதான பாத்தேன்! நிக்காஹ் அன்னைக்கும் இதே வாசத்துலதான் வேணும்."

பெண்கள் போன பிறகு மாமியார் வந்து சட்டியை அவன் முன்னால் வைத்தாள். "இன்னொரு தடவ கொதிக்க வைங்க, மாப்பிள்ளை. ஐந்நூறு பேருக்கு."

அவளே அடுத்து ஒரு தகவலும் சொன்னாள். பந்தல்காரன் நாளைக்கே வருகிறான். கார் எங்கே ஓடப்போகிறது என்று நவாஸுக்கும் நம்பிக்கை போயிருந்தது. "போடட்டும் மாமி," என்றான். பந்தல்காரன் வந்து, கார் தெருவுக்கு வெளியேறும் வாசலை மறித்து எட்டுக் கால்களை ஊன்றிவிட்டுப் போனான்.

அவன் போய் ஒரு மணி நேரத்தில் என்ஜின் ஓடியது.

ஒன்பதாவது முயற்சி. முதலில் ஓர் இருமல். பிறகு கரும்புகை; பெட்டைக்கோழி முட்டைகளைத் துறந்து சுவர் ஏறியது. பிறகு அந்தச் சத்தம். நவாஸ் ஷார்ஜாவில் எத்தனையோ என்ஜின்களைக் கேட்டவன். இது வேறு. அடிவயிற்றில் தொடங்கித் தொண்டையில் முடிகிற சத்தம். அடுப்படியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. அவன் கை என்ஜின் மேல் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அழுதானா என்றால், புகை என்று சொல்லிக்கொண்டான்.

மூடியைத் திரும்பப் பூட்டுவதற்கு முன்னாலேயே, அந்த இரண்டு எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஆணியால் தன்னுடையதையும் கீறியிருந்தான். என். சொல்லிப் பார்த்தபோது, 'என்' என்றே கேட்டது.

"சரி மாப்ள, ஓடுது," என்றார் அண்ணாச்சி. "வெளிய எப்படிப் போவுது?"

வாசலில் எட்டுக் கால்கள். மிச்சம் இருந்தது பின்பக்க முடுக்கு. வீடுகளின் முதுகுக்கு நடுவே பெண்கள் மட்டும் போய்வருகிற சந்து. ஆம்பளை கால் வைக்கக் கூடாது. மாப்பிள்ளையாக இருந்தாலும் ஆம்பளைதான்.

"இந்த இடுக்குல என்ஜின் போட்டு ஓட்ட முடியாதே, அப்ப யாரு தள்ளுறது? யாரு ஸ்டியரிங் பிடிக்கிறது?"

"நீங்க சுத்திப் போய் அந்தத் தலைப்புல நில்லுங்க," என்றாள் நுஸ்ரத், துப்பட்டியை இறுக்கிக்கொண்டு.

"உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே, ஏளா!"

"சைக்கிளுக்கு ரெண்டு சக்கரம். இதுக்கு நாலு. விழாது."

நவாஸ் தெருவைச் சுற்றி ஓடினான். முடுக்கு முடிகிற இடத்தில் மூச்சிரைக்க நின்று உள்ளே பார்க்காமல் பார்த்தான். வழி நெடுகக் கிடந்த பூந்தொட்டிகளையும் வாளிகளையும் யாரோ அதற்குள் அப்புறப்படுத்தியிருந்தார்கள். இந்த ஊரில் செய்தி பரவுகிற வேகம்! சுவரில் இடுப்பளவில் ஒரு பழைய சிவப்புக் கீறல் வெகுதூரம் ஓடியது. எந்தக் கல்யாணத்து வண்ணமோ.

முடுக்குக்குள்ளிருந்து குரல்கள் வந்தன.

"ஏளா, படிக்கிட்ட வலப்பக்கம் ஒடி!"

"தெரியும், தள்ளுங்க!"

"எல்லாரும் ஒண்ணா. பிஸ்மில்லா!"

இருபது பெண்கள் தள்ள, இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளியில், சிவப்பு மூக்கு வெளியே வந்தது. முதலில் பாம்பு, பிறகு அதன் வாயில் மனிதன், பிறகு ஸ்டியரிங்கில் நுஸ்ரத். ஓர் உரசல்கூட இல்லை. நவாஸ் வாயைத் திறந்தபடி நின்றான். உலகத்தில் எவ்வளவோ அதிசயம் இருக்கிறது, அதில் பாதி தன் மாமியார் வீட்டிலேயே இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

நிக்காஹ் அன்று அந்தக் கார்தான் மாப்பிள்ளை கார். மஸ்கட்டில் இன்ஜினியரான புது மாப்பிள்ளை, ஏறுவதற்கு முன் அதை இரண்டு முறை சுற்றி வந்தார். "யார் இத ரெடி பண்ணது?" நவாஸ் கதவைத் திறந்து பிடித்தான். ஊரே சொன்னது. கடற்கரைச் சாலையில் கூரையை மடக்கிவிட்டுப் போனபோது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. மீன் ஏற்றி வந்த வண்டிகள்கூட ஓரம் கட்டி நின்றன. விருந்தில் வட்டிலப்பம் காலியானது.

ஜக்கரிய்யா அந்த என்ஜின் சத்தத்தைக் கைபேசியில் பிடித்து யாருக்கோ அனுப்பினார். இரண்டு வாரத்தில் விசா வந்தது. அதே ஷார்ஜா. பழைய கார்களைப் புதுப்பிக்கிற பட்டறை. வேலை: மெக்கானிக். இந்த முறை ஊரில் பொய் சொல்ல வேண்டியதில்லை.

பந்தல் பிரித்ததும் கார் கொட்டகைக்கே திரும்பியிருந்தது. கிளம்புகிற காலையில் நவாஸ் அதைத் துடைத்து, சாவியை மாமியார் கையில் கொடுத்தான். "பத்திரமா வச்சுக்கங்க மாமி."

"இது எங்க போவப்போவுது?" என்றாள் அவள். "நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்கோ."

வேன் தெருமுனை வரை போனது. அப்போதுதான் சட்டைப்பையைத் தடவினான். பாஸ்போர்ட் இல்லை. காரைத் துடைக்கும்போது டாஷ்போர்டில் வைத்தது. இறங்கி ஓடினான்.

கொட்டகைக்குள் பேச்சுக் குரல். என்ஜினின் மேல்மூடி கழன்று தரையில் மல்லாந்து கிடந்தது. இசட், எம், என்: மூன்று மாப்பிள்ளைகளும் வரிசையாக. மாமியார் கையில் எண்ணெய்ப் புட்டி. பெயர்ந்த கோழிக்கூட்டுப் பலகையின் மேல் ருகையா மாப்பிள்ளைக்கு மஸ்கட்டிலிருந்து வந்திருந்த வேலைநீக்கக் கடிதம். என்ஜினுக்குள் கையை விட்டிருந்த வீரபாகு அண்ணாச்சி நிமிராமல் கேட்டார்:

"உம்மா, நவாஸ் மாப்ள வாட்ச்மேன்னு நீங்க சொன்னதால அன்னைக்கு என்ஜினை மட்டுந்தான் ஓடவிடாம பூட்டி வச்சேன். இவுக இன்ஜினியராமே, கியர்பாக்ஸையும் பிரிச்சுப் போட்டுரட்டா?"