பரங்கிக்காய் ஏறிய மலை

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லை என்று நான் தீர்மானித்தேன். ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பது வேறு விஷயம்.

வெள்ளையடிப்பது என்றால் என்னவென்று அடித்தவனுக்குத்தான் தெரியும். ஏணி மேலே நிற்பவன் நான். கீழே நின்று, மூலையை விட்டுவிட்டேன், உத்தரத்தை விட்டுவிட்டேன் என்று சொல்பவள் என் சம்சாரம் தாட்சாயிணி. சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு போனால் என் கண்ணுக்கு இரண்டு பங்கு வரும். போன வருஷம் கண்ணைத் திறக்காமலேயே பொங்கல் சாப்பிட்டேன். வாய்க்கு வழி தெரிந்திருந்ததால் பிழைத்தேன்.

இந்த வருஷம் யுத்தம் என் கட்சியில் இருந்தது. ஆவடியில் ராணுவத்துக்காக இரவு பகலாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கிடங்கில் நான் குமாஸ்தா. சுண்ணாம்பு வண்டி எந்தத் திசையில் புறப்பட்டாலும் நேரே ஆவடிக்குள் வந்துதான் மாட்டை அவிழ்க்கும். எங்கள் மேனாம்பேட்டில் வெற்றிலையில் தடவிக்கொள்ளவே திண்டாட்டம். ஆகவே ஒரு நாள், சர்க்கார் உத்தரவைப் படிக்கிற குரலில் வீட்டில் அறிவித்தேன். செங்கல்பட்டு ஜில்லா முழுக்கத் தேடினாலும் ஒரு கட்டி சுண்ணாம்பு கிடையாது; கிடைத்தால் அன்றைக்கே அடிக்கிறேன் என்றேன். அந்தக் கடைசி வார்த்தை தாராள மனசில் வந்துவிட்டது.

காணும் பொங்கலுக்குத் தாட்சாயிணியின் அக்கா வேம்புலியம்மாள் பூந்தமல்லியிலிருந்து வருவதாக இருந்தாள். அந்த அம்மாள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுவரைப் பார்ப்பாள். அப்புறம்தான் மனுஷரைப் பார்ப்பாள். எங்கள் சுவரோ அடுப்புப் புகையில் யானை நிறத்துக்கு வந்திருந்தது. அதனால் நான் பெரிய சண்டையை எதிர்பார்த்து இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். சண்டையே வரவில்லை.

“அதுக்கின்னா மாமா, யுத்தம்னா அப்டிதான்” என்றாள் தாட்சாயிணி.

பதினோரு வருஷத்தில் அவள் என் பேச்சை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

இருந்தாலும் லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்திருப்பது ஆபத்து. வெள்ளையடிக்காவிட்டால் பரண் சுத்தம் செய் என்பாள். எங்கள் கிடங்குத் துரை ஒருவன் ஞாயிறு தவறாமல் கைத்தடியும் அரைக்கால் சட்டையுமாக மலைக்குப் போய்விடுவான். அங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு, நடப்பதுதான் வேலை என்றானாம். எனக்கு ஞானம் பிறந்தது. வீட்டில் இருந்தால் வேலை தேடி வரும். மலைக்கு அது எப்படி ஏறி வரும்? நாளைக்கு நான் மலைக்கு நடக்கப் போகிறேன் என்று தாட்சாயிணியிடம் சொன்னேன்.

“எந்த மலை மாமா?”

“எதுவா இருந்தா இன்னா? உசரமா இருந்தா போதும்.”

“வெள்ளப்பள்ளம்னு ஒண்ணு கீதாம். திருவள்ளூர் தாண்டி பஸ்ஸு கடைசியா நிக்கற எடத்துல எறங்கி, மூணு மைலு நடக்கணுமாம். எல்லம்மா சொல்லிச்சு.”

எல்லம்மா எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. மலைக்கு வழி கிடைத்த சந்தோஷத்தில், அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தாட்சாயிணி தானும் வருவதாகச் சொன்னாள். தனியாகப் போனால் நான் வழி தப்பிவிடுவேனாம்.

காலையில் புறப்படும்போது என் தோளில் ஒரு கோணிப்பை ஏறியது. உள்ளே எங்கள் கொல்லையில் காய்த்த பரங்கிக்காய். சின்னக் காயுமல்ல, பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி இருந்தது.

“மலைக்கு எதுக்குடி பரங்கிக்காய்?”

“மொத மொத ஒரு எடத்துக்குப் போறப்போ வெறுங்கையோட போவலாமா?”

நியாயம்தான் என்று பட்டது. மலைக்கும் ஒரு மரியாதை உண்டே.

பெட்ரோல் பஞ்சத்தினால் அப்போது பஸ்களின் முதுகில் கரியடுப்பு ஒன்றைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும். கண்டக்டர் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொல்வார். ஐந்து மேட்டில் ஐந்து தடவை இறங்கித் தள்ளினேன். பரங்கிக்காய் மட்டும் ஸீட்டை விட்டு இறங்கவில்லை.

கடைசி நிறுத்தத்திலிருந்து முள்ளும் கரடுமாக மூன்று மைல். முதல் மைலில் துரையைத் திட்டினேன். இரண்டாவது மைலில் பரங்கிக்காயைத் திட்டினேன். மூன்றாவது மைலின் முடிவில் பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. நானும் திரும்பினேன். அதற்கப்புறம் யாரையும் திட்டவில்லை.

இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று மலை நின்றது. கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் உச்சி பிடிபடவில்லை. மேலே ஒரு முழத் துண்டு அகலத்துக்கு நீலமாக வானம். நடுவே ஓர் ஓடை ஓடிவந்து, எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு கல் இடுக்கில் இறங்கிக் காணாமல் போயிற்று. காதைத் தரையில் வைத்தால் பூமிக்குள்ளே அது பேசிக்கொண்டு போவது கேட்டது. நாற்பது அடி தள்ளி, ஒன்றும் நடக்காதது போல மறுபடி வெளியே வந்தது. பாறையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. தொட்ட இடத்தில் ஒரு சிப்பி, கல்லோடு கல்லாக. பக்கத்தில் இன்னொன்று. அந்த மலை முழுக்கச் சிப்பியும் நத்தையுமாக இருந்தது. கடலுக்கும் அந்த இடத்துக்கும் நாற்பது மைல். எனக்குப் பயமாயிருந்தது. அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. ஆவடியில் நாங்கள் கட்டுகிற கட்டடமெல்லாம் எனக்குக் கொட்டாங்கச்சி மண்வீடாகத் தோன்றியது.

தாட்சாயிணி ஒரு சிப்பியை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அது நடிப்பில்லை, இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

“சமுத்திரமே இங்க இருந்துகீது மாமா” என்றாள் மெதுவாக. “எழுந்து அம்மாந்தூரம் போயிருக்குது பாரு.”

“இப்டி ஒரு வெளுப்பை நான் பாத்ததே இல்ல தாட்சாயி. நாள் பூரா பாத்துக்கினே இருக்கலாம் போல கீது.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம். உலகத்தில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

“இது சுண்ணாம்புக்கல்லு மாமா” என்றாள்.

அப்போதுதான் பள்ளத்தின் கோடியில் புகை எழும்புவதைப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் சுடுகிற காளவாய். ராணுவ லாரி ஏற முடியாத பாதை. ஆகவே ஆவடிக்குப் போகாத சுண்ணாம்பு. காளவாய்க்கார அம்மாள் அன்னம்மாள், எல்லம்மாவுக்கு ஒன்றுவிட்ட நாத்தனாராம். எங்களைப் பார்த்ததும் வா என்று கூடச் சொல்லவில்லை. பரங்கிக்காய் வந்துவிட்டதா என்றுதான் கேட்டாள். அந்தக் காட்டில் பொங்கலுக்குப் பரங்கிக்காய் முளைப்பதில்லையாம். கோணிப்பையிலிருந்து பரங்கிக்காய் இறங்கியது. அதே பையில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகள் ஏறின. பை அதே தோளுக்கு வந்து சேர்ந்தது.

நான் மலையைப் பார்த்தேன். தாட்சாயிணியும் பார்த்தாள்.

“சமுத்திரமே எழுந்து போச்சு. நீ ஒரு ஏணி மேல ஏறமாட்டியா மாமா?”

அந்த இடத்தில் நின்றுகொண்டு எவனால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? தலையாட்டினேன். திரும்பும் வழியெல்லாம் வேர்வை பட்ட இடத்தில் சுண்ணாம்பு கதகதவென்று சூடேறி, தோளில் யாரோ தோசை வார்ப்பது போலிருந்தது.

ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்குப் புத்தி திரும்பிவிட்டது. சுண்ணாம்பு மட்டும் இருந்தால் வெள்ளையடித்துவிட முடியுமா? சாமான்களை வெளியே போட வேண்டும். சுவரைச் சுரண்ட வேண்டும். சுண்ணாம்பைத் தொட்டு அடிக்கத் தென்னை மட்டையைத் தட்டி நாராக்கி, இரண்டு நாளாவது தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நாளைக்கு எனக்கு ஆபீஸ். நாளன்றைக்குப் போகி. பொங்கல் போகட்டும், தை பிறந்தால் வழி பிறக்கும், சாவகாசமாக அடிக்கலாம் என்றேன். தாட்சாயிணி ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மலை எனக்குத் தந்த அமைதியோடு நானும் தூங்கிவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். கட்டில், அண்டா, அரிசிப் பானை, சாமி படம் எல்லாம் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளே எல்லம்மா கடைசிச் சுவரைச் சுரண்டி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏணி தயாராகச் சாத்தியிருந்தது. அதன் காலடியில் ஒரு தொட்டி. தொட்டிக்குள் மட்டை, நார் நாராக, பதமாக ஊறியிருந்தது.

நான் மட்டையை எடுத்துப் பிழிந்து பார்த்தேன்.

“இத எப்போ ஊறப் போட்டே?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை மாமா.”

மலைக்குப் போவதென்று நான் தீர்மானித்தது சனிக்கிழமை.