ரப்பர் ஒட்டிய கார்

கார் வாங்கி ஓட்டுகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கார் இல்லாமல் நடந்து போகிறவரையும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அவரிடமும் கார் இருக்கிறது, ஆனால் அது பதினாறு அட்டைப் பெட்டியில் இருக்கிறது. வீட்டிலேயே கார் கட்டுகிறவர் என்பது அவருக்குப் பெயர். எங்கள் யார்க்ஷயரில் தெருவுக்கு ஒருவரை ஆண்டவர் கொடுத்திருக்கிறார். எதற்குக் கொடுத்தார் என்று நான் கேட்டதில்லை. மற்றவர்களுக்குப் பொறுமை வளரட்டும் என்றுதான் இருக்க வேண்டும்.

இவரை அடையாளம் காண்பது எளிது. மழை பெய்தாலும் பனி பெய்தாலும் கராஜ் கதவு பாதி திறந்திருக்கும், அடியில் இரண்டு கால் தெரியும். குரல் கொடுத்தால் கால்கள் பதில் சொல்லும். "எப்போ முடியும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பெரிய வேலையெல்லாம் முடிஞ்சிருச்சு, கண்ணு. இனிமே சில்லறை வேலைதான், ரெண்டு வாரம்" என்று கால்கள் சொல்லும். (எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான், தபால்காரர்கூட.) அந்த இரண்டு வாரம் முடிவதற்குள் ஒரு ராணி போய் ஒரு ராஜா வந்துவிட்டார்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் டெரிக் ஹோல்ராய்ட். பள்ளிக்கூடங்களுக்குக் கொதிகலன் பழுது பார்க்கிற வேலை. நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றாதவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விளம்பரத் தாள் அவரை ஏமாற்றிவிட்டது. "சாதாரணக் கருவிகள் போதும். இருபது சனி, ஞாயிறு போதும். நீங்களே கட்டிய காரில் நீங்களே போகலாம்!" கூடவே படம்: கதவில்லாத, கூரையில்லாத, தரையோடு தரையாக, மூக்கு நீண்ட ஒரு குட்டிக் கார். அதைப் பார்த்த அன்றைக்கே, அப்போது பதினேழு வயதாயிருந்த மகள் ஹெதரிடம் டெரிக் ஒரு வாக்குக் கொடுத்தார். "உன் கல்யாணத்துக்கு உன்னை இந்தக் கார்லதான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவேன்." அந்தப் பிள்ளையும் நம்பியது. நம்புகிற வயசு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எப்படிச் சொல்வது? பழைய கார் ஒன்றை வாங்கி, அதை அறுத்து, எஞ்சினை ஒரு பக்கமும் அச்சை ஒரு பக்கமும் போட்டார். எஞ்சின் சாமான்களைப் பாத்திரம் கழுவும் மெஷினில் குழம்புக் கிண்ணத்தோடு சேர்த்துக் கழுவினார். பச்சைப் பெயின்ட் அடித்த தகடுகளை ரொட்டி சுடும் அடுப்பில் வைத்துக் காயவிட்டார். அந்த ஈஸ்டருக்கு அவர்கள் வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. கறி நல்ல பச்சை நிறமாக மணத்தது. மனைவி கிளெனிஸ் தட்டை வைத்துவிட்டு, "பச்சை ரெண்டு கோட்டா, மூணு கோட்டா, டெரிக்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்குவதற்கு முன்னால் ஒரு போட்டோ, முடுக்கிய பிறகு ஒரு போட்டோ. கேட்டால், "நான்தான் கட்டினேன்னு சர்க்காருக்குக் காட்டணுமே." ஆல்பம் ஏழு ஆயிற்று. ஹெதர் பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் ஒரே ஆல்பத்தில் அடங்கிவிட்டது. அதிலும் கடைசி நாலு பக்கத்தில் காரின் அச்சுதான் ஒட்டியிருக்கிறது.

சக்கரம் பூட்டுவதற்கு முன்னாலேயே இவர் வண்டிக்குள் உட்கார்ந்துவிடுவார். அதுவும் இந்த இனத்தின் குணம். மரக்கட்டைமேல் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பி, வாயாலேயே உறுமிக்கொண்டிருப்பார். வளைவு வந்தால் உடம்பைச் சாய்ப்பார். ஒரு நாள் அப்படிச் சாய்ந்தபோது நான் சர்ச்சுக்குப் பூ எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டார்.

காரைக் கட்டினால் மட்டும் போதுமா? ரோட்டில் விடச் சர்க்கார் பரீட்சை இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய பந்து ஒன்றை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வண்டி முழுக்க உருட்டிப் பார்ப்பார். பந்து தொடுகிற இடத்தில் ஒரு விளிம்புகூடக் கூராக இருக்கக் கூடாது. யாராவது உரசினால் கிழிக்கக் கூடாது பாருங்கள். நியாயமான சட்டம். ஆனால் தகட்டை வெட்டிக் கட்டிய வண்டியில் விளிம்பு கூராக இல்லாமல் எப்படி இருக்கும்? அதற்கு இந்த இனம் ஒரு சம்பிரதாயம் வைத்திருக்கிறது. வாய் பிளந்த கறுப்பு ரப்பர் பட்டை மீட்டர் கணக்கில் விற்கிறது. உள்ளே கம்பி வைத்திருப்பதால் விளிம்பில் மாட்டினால் கவ்விக்கொள்ளும். பரீட்சைக்கு முந்தின நாள் வண்டி முழுவதும் அதை மாட்டுவார்கள். போல்ட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி வைப்பார்கள். பாஸாகி வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் உரித்துவிடுவார்கள். ஏன் என்றால், ரப்பர் அசிங்கமாம். இன்ஸ்பெக்டருக்கு இது தெரியும். அவருக்குத் தெரியும் என்று இவர்களுக்கும் தெரியும். இரண்டு தரப்பும் சிரிக்காமல் இருக்கிறார்களே, அதுதான் பெரிய தவம்.

இதற்குள் ஹெதருக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. மே மாதம் ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை கியரன் ரொட்டிக் கடை வைத்திருக்கிற பையன். பிப்ரவரியில் டெரிக் முதல் பரீட்சைக்குப் போனார். பன்னிரண்டு குறை.

"ஃபெயிலா?" என்றாள் கிளெனிஸ்.

"ஃபெயில்னு யார் சொன்னா? திரும்பி வரச் சொல்லியிருக்கார்."

ஹெதர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "அப்பா, எனக்குப் பெரிய வண்டியெல்லாம் வேண்டாம். டாக்ஸி சொல்லிடட்டுமா? ஒன்பது வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்கப்பா கட்டின கார்ல வருவேன்னு. நீ முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. அன்னைக்குக் காலைல சொல்லாதே."

"டாக்ஸியா!" டெரிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதர் நிஜமாகவே வேலை செய்தார். ஒன்பது வருடத்தில் செய்யாததை ஒன்பது வாரத்தில் செய்தார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாஸ் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு, தாளைக் கொடுக்காமல் ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாராம். "ரப்பரைக் கழட்டிட மாட்டீங்களே, மிஸ்டர் ஹோல்ராய்ட்?"

"சேச்சே! என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க?"

பரீட்சைக்கு வரிசையில் நின்ற மற்ற மூன்று கார் கட்டுகிறவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டார்களாம்.

நம்பர் பிளேட்டும் தபாலில் வந்துவிட்டது. ஹெதர் அப்பாவைக் கராஜ் நடுவில் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். "கல்யாணம் முடியற வரைக்கும் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டேன்னு சொல்லு."

"ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டேன்."

கிளெனிஸ் அதையும் நம்பவில்லை. கருவிப் பெட்டிகளை எங்கள் வீட்டு மாடியில் கொண்டுவந்து வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள். இனி என்ன பயம்?

பயம் இருந்தது, அம்மா. ரப்பரை உரிக்க ஸ்பேனர் எதற்கு?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, விரலாலேயே உரித்திருக்கிறார். வண்டி முழுக்க, ஒரு அடி விடாமல். மகளை ரப்பர் ஒட்டின காரில் கூட்டிக்கொண்டு போவதா என்று தோன்றியதாம். உரித்த பட்டையைத் தூக்கிப் போடவும் மனமில்லை. சுருட்டிக் கல்யாணக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்த இனத்தார் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

யாரும் கவனிக்கவில்லை. வெள்ளை உடுப்பில் கறை படக் கூடாதென்று கிளெனிஸ் வண்டியின் பக்கத்தில் போர்வை போட்டுத்தான் மகளை உள்ளே ஏற்றினாள். அதனால் விளிம்பு யார் கண்ணிலும் படவில்லை. ஏற்றிவிட்டு அவள் மாப்பிள்ளை வீட்டாரோடு முன்னாலேயே சர்ச்சுக்கு வந்துவிட்டாள்.

நான் சர்ச் வாசலில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து அந்தக் கார் உறுமிக்கொண்டு இறங்கியதைப் பார்க்க வேண்டுமே! பச்சைப் பசேல் என்று, வெயில் பட்டு, முக்காடு காற்றில் பறக்க மகள், பக்கத்தில் தொப்பியோடு அப்பா. ஊரே கை தட்டியது. கேலி பேசிய என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

போட்டோக்காரர் முன்னால் ஓடினார். "போர்வை படத்துல விழும்" என்று டெரிக்கே அதை உருவினார். ஹெதர் எழுந்து, கதவில்லாத அந்த வண்டியிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள்.

சர்ர்ர்.

இடுப்புக்குக் கீழேயிருந்து கால்வரை ஒரே கிழிசல். கை தட்டல் அப்படியே நின்றது. இன்ஸ்பெக்டரின் பந்துக்கு அன்றைக்கு வேலையே இல்லை.

ஹெதர் கிழிசலைப் பார்த்தாள். பிறகு விளிம்பைப் பார்த்தாள், வெறும் தகடு. பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ரப்பர் எங்கப்பா?"

டெரிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். கறுப்புப் பட்டை வந்தது, வந்துகொண்டே இருந்தது. கிளெனிஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அதைப் பிடுங்கினாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. மகள் முன்னால் முட்டி போட்டு, கிழிந்த துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, மேலேயிருந்து கீழே வரைக்கும் ரப்பரை மாட்டி அழுத்திக்கொண்டே போனாள். கவ்விக்கொண்டது.

"நடந்து பாரு."

ஹெதர் நாலடி நடந்தாள். பிரியவில்லை. உதடு துடித்தது, அழப் போகிறாள் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். சிரித்துவிட்டாள். "வா அப்பா. இப்போ நான்தான் ரோட்டுக்கு லாயக்கு, உன் வண்டி இல்லை."

வெள்ளை உடுப்பில் இடுப்பிலிருந்து கால்வரை எல்லார் கண்ணிலும் பட்ட அந்தக் கறுப்புப் பட்டையோடு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். டெரிக் கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் வாங்கிய ரப்பரில் அன்றைக்குக் கடைசிவரை கழலாமல் நின்றது அது ஒன்றுதான்.

பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் நினைத்தேன்: பாவம் டெரிக், எப்பேர்ப்பட்ட மனிதர்! பரீட்சைக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம். அப்புறம் திடீரென்று பாட்டு எந்த வரியில் நிற்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நான் எவ்வளவு வழவழப்பு! எங்கே உருட்டினாலும் பந்து தடுக்காது. திங்கட்கிழமை காலை பேருந்தில் ஒருத்தி என் காலை மிதித்தால் போதும். ஸ்பேனர்கூட வேண்டியதில்லை, என் ரப்பரை விரலாலேயே உரித்துவிடுகிறேன். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சிரிக்காமல் இருக்கிறார்.

நீங்கள் கார் கட்டுகிறவர் இல்லை, சரி. உங்கள் கராஜில் பழைய சோபா மட்டும்தான் இருக்கிறது, அதுவும் சரி. எதற்கும் உங்கள் கோட்டுப் பைக்குள் ஒரு தரம் கையை விட்டுப் பாருங்கள்.