இரண்டாம் பிளாப்பியின் மௌனம்

உலகத்துக்குக் கொடை கொடுத்த ஊர்கள் எத்தனையோ உண்டு. ஆனால் ஒரு விஞ்ஞானக் கதையின் நடுவே தண்ணீர் லாரி புகுந்து போகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குப் பாராட்டு விழாவும் நடத்திக்கொண்ட பெருமை தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூருக்கு மட்டுமே உரியது. அந்த ஓட்டையின் ஆசிரியன் அடியேன். தன்னடக்கம் காரணமாக இதைப் பற்றி இதுவரை எழுதவில்லை. வேறு யாரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

1993-ஆம் வருஷம். நான், சாம்பசிவன், அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கும் வரை, மின்சார ரயிலில் மீசையும் மூக்குக் கண்ணாடியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து இலக்கியம் வளர்த்துவந்தேன். வார இதழ் ஒன்றில் என்னுடைய ஒரு பக்கக் கதை அரைப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. மீதி அரைப் பக்கம் பல்பொடி விளம்பரம். அந்த இதழை அலுவலகம் முழுவதும் சுற்றுக்கு விட்டேன். இரண்டு பேர் பல்பொடியைப் பற்றி விசாரித்தார்கள்.

இப்படிப்பட்ட எழுத்தாளனை ஜெயவேலு தேடி வந்ததில் வியப்பில்லை. ஜெயவேலுவின் குடும்பத்துக்கு இரும்புலியூரில் நெல் வயல் இருந்தது. வயல் மனைகளாகி, மனைகள் பணமாகி, பணம் ‘பொன்னியம்மன் கம்ப்யூட்டர் சென்டர் மற்றும் வீடியோ கேம்ஸ்’ ஆகியிருந்தது. முன்னறையில் எந்நேரமும் யாராவது வேற்றுக்கிரகவாசிகளைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

“சார், அல்லா கேமும் வெள்ளக்காரன்தான் போட்றான். கடைசில இன்னா நடக்குதுன்னே ஒருத்தனுக்கும் வெளங்கல. நாம தமிழ்ல ஒண்ணு போட்டா இன்னா? கதைய நீ எய்து சார். மிச்சத்த சாராளு பாத்துக்கும்” என்றார்.

சாராள், கிழக்குத் தாம்பரத்துப் பள்ளி ஆசிரியர் தேவானந்தத்தின் மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு அந்த சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ‘விண்கலம் பறக்கிறது’ என்று நான் ஒரு வரி எழுதுவேன். அது பறக்க அவளுக்கு ஒரு மாதம் ஆகும். அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக அவளே வைத்தாள். பெங்களூரில் கிடைத்த வேலையைக்கூட, “இதை முடிச்சிட்டுப் போறேன்” என்று தள்ளிப் போட்டிருந்தாள். எனக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. கதாநாயகனுக்குப் பெயர் வைக்கவே ஒரு வாரம் பிடித்தது.

விளையாட்டின் பெயர் ‘ஏழாம் கிரகத்தில் தண்ணீர்’. கி.பி. 2093-இல் சென்னையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதை எழுத எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை, எங்கள் தெருக் குழாயே போதுமானதாக இருந்தது. கேப்டன் இளவழகன் விண்கலம் ஏறி ஏழாம் கிரகத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரப் போகிறார். கதை மூன்று பிளாப்பிகளில் அடங்கியது. முதல் பிளாப்பி முடியும்போது கலம் வெடித்துச் சிதறும். ‘இளவழகன் இறந்தான்’ என்று திரையில் வரும். மூன்றாம் பிளாப்பி தொடங்கும்போது அதே இளவழகன் கிரீடம் வைத்துக்கொண்டு ஏழாம் கிரகத்தின் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். இடையில் நடந்ததை இரண்டாம் பிளாப்பி சொல்லும்.

அந்த இடைப்பகுதியை நான் எழுதவில்லை. தொடக்கமும் முடிவும் ஆசிரியன் வேலை, நடுவில் வருவதெல்லாம் சில்லறை வேலை என்பது என் கொள்கை. சாராளே யோசித்து, மல்லி என்று ஒரு பாத்திரத்தைப் புகுத்தியிருந்தாள்.

“கேப்டன் இருக்கும்போது மல்லி எதுக்கும்மா?” என்றேன்.

“இருக்கட்டும் சார். இல்லன்னா கதை நகராது” என்றாள்.

இயக்குநர் என்ற முறையில் பெருந்தன்மையோடு அனுமதித்தேன். போட்டுப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. முதல் பிளாப்பியில் ஜெயவேலுவின் குலதெய்வம், தாத்தா, அப்பா, பிறகு ‘கதை, வசனம், இயக்கம்: சாம்பசிவன்’ என்று பெரிதாக வரும். அதற்கே இடம் சரியாகிவிட்டது. சாராள் தன் பெயரை இரண்டாம் பிளாப்பியில் வைத்துக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்குப் போகுமுன் அவள் என்னிடம் வந்து, “சார், பிளாப்பி எல்லாம் அந்தப் பெட்டில இருக்கு. பக்கத்துலயே ஒரு செட் காப்பியும் எடுத்து வெச்சிருக்கேன். யாரும் தொட வேணாம், ப்ளீஸ்” என்றாள்.

தொடாமல் எப்படிப் பூஜை செய்வது? அரிவாள்மணையிலிருந்து ஆட்டோ வரைக்கும் சந்தனம் குங்குமம் வாங்குகிற நாளில், தமிழனின் விண்வெளிக் கனவு மட்டும் வெறும் நெற்றியோடு கிடக்கலாமா? ஜெயவேலு தாம்பாளத்தில் வாழையிலை போட்டார். நான் மூன்று பிளாப்பிகளையும் வரிசையாக வைத்தேன். அந்தக் காலத்துப் பிளாப்பி கறுப்பாக, சதுரமாக, வளைத்தால் வளைகிற அட்டையாக இருக்கும். அட்டையில் நீளமாக ஒரு திறப்பு. அதன் வழியே உள்ளே இருக்கும் தட்டு பழுப்பாகப் பளபளக்கும். மெஷின் அந்தத் திறப்பு வழியாகத்தான் படிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பொட்டு வைப்பதற்காகவே கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

“ஓரத்துல கீற ரெண்டுத்துக்கும் மேல ஒட்டிக்கீற காய்தத்துல சின்னதா வெச்சா போதும் சார். நடுவுல கீறதுக்கு நல்லா வையி, அதான் மெயினு” என்றார் ஜெயவேலு.

நடுவிலிருந்த இரண்டாம் பிளாப்பிக்குத் திறப்பு நிறைய சந்தனம் குழைத்துப் பூசினேன். மேலே குங்குமம் வைத்தேன். பார்க்க மங்களகரமாக இருந்தது.

“காப்பிக்கும் வெச்சுடு சார். இல்லாங்காட்டி அது கோச்சுக்கும்.”

காப்பிக்கும் அதே மரியாதை செய்தோம்.

விஜயதசமியன்று மாலை சாராள் வந்து தாம்பாளத்தைப் பார்த்தாள்.

“சார்... இது என்ன சார்?”

“சந்தனம்மா. கட்டையில அரைச்சது. கடைச் சந்தனம் இல்ல.”

பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். மெஷினில் போட்டாள். அது கர்புர் என்று இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. காப்பியைப் போட்டாள். அதற்கும் அதே இருமல். அறை முழுக்க கோயில் வாசனை அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு நிர்வாகி உணர்ச்சிவசப்படக் கூடாது என்பதால் சுண்டல் சாப்பிட்டேன்.

“பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க. ஞாபகத்துலேர்ந்து மறுபடியும் செஞ்சிடறேன்” என்றாள்.

ஜெயவேலு தலையில் கை வைத்துக்கொண்டார். “பேஜார் பண்ணாதம்மா. தாம்பரத்துலேர்ந்து வண்டலூர் வரைக்கும் போஸ்டர் ஒட்டிகினு வந்துட்டேன். தீபாவளி ரிலீஸ்னு போட்டுக்கீது.”

இந்த நெருக்கடியில்தான் என் மேதைமை வெளிப்பட்டது. “ஒண்ணையும் மூணையும் ஒட்டிடு” என்றேன்.

“செத்துப் போனவர் எப்படி சார் சிம்மாசனத்துல வருவார்?”

“விஞ்ஞானம்.”

“கடைசில ‘மல்லி, எல்லாம் உன்னால்தான்’னு அழறாரே. மல்லி யாருன்னு கேப்பாங்களே சார்?”

“கேக்கட்டும். கேள்வி கேட்க வைக்கிறதுதாம்மா இலக்கியம்.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒன்றையும் மூன்றையும் ஒட்டிக் கொடுத்தாள்.

தீபாவளிக்கு விளையாட்டு வெளியானது. ஊரே இரண்டாகப் பிளந்தது என்றால் மிகையாகாது, ஏனென்றால் உண்மையில் நான்காகப் பிளந்தது. முடிவில் ‘தண்ணீர் யாருக்கு?’ என்று திரை கேட்கும். ஒன்றை அழுத்தினால் பூமிக்கு. ஏழாம் கிரகம் வறண்டு சாகும். இரண்டை அழுத்தினால் கிரகத்துக்கு, நாம் சாவோம். எதை அழுத்தினாலும் கேப்டன் மல்லியை நினைத்து அழுவார். ஒன்றுக்காரர்களும் இரண்டுக்காரர்களும் முதலில் மோதிக்கொண்டார்கள். பிறகு அவரவருக்குள் மல்லி யார் என்பதில் பிளவு ஏற்பட்டது. மல்லி கேப்டனின் மனைவி என்றவர்கள், மல்லி தாயார் என்றவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார மறுத்ததால் ஜெயவேலு இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

ஆட்டோ ஓட்டும் சம்பத் என்னை ஸ்டேஷன் வாசலிலேயே மடக்கினார். “இன்னா சார், வெட்ச்சி செத்தவன் ஷோக்கா குந்திகினு கீறான்?”

“அது ஆழமா யோசிக்க வேண்டிய விஷயம் சம்பத்.”

“நாலு நாளா யோசிக்கறேன் சார். சவாரியே போவல. மல்லின்றது நாயாம்மே?”

நான் புன்னகை செய்தேன். எதுவும் தெரியாதபோது புன்னகை செய்வது எழுத்தாளனுக்கு அழகு.

இந்தச் சமயத்தில்தான் ஓய்வுபெற்ற பேராசிரியர் கஸ்தூரிரங்கன் காதில் விஷயம் விழுந்தது. அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. விளையாடிப் பார்க்காததால் அவருடைய கருத்தில் பாரபட்சம் இல்லை. “மரணத்துக்கும் மகுடத்துக்கும் இடையே சாம்பசிவன் ஒரு மௌனத்தை வைத்திருக்கிறார். அது விடுபட்ட இடம் அல்ல, விடுதலை பெற்ற இடம்” என்று சிற்றிதழில் எழுதினார். மல்லி என்பது மனிதகுலத்தின் தீராத் தாகமாம். படித்ததும் எனக்குப் புல்லரித்தது. இவ்வளவும் நானா செய்தேன்? சந்தனக் கிண்ணம் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவு பெரியவரை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று மூடிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த கையோடு மேற்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் எனக்குப் பாராட்டு விழா நடந்தது. ரோஜா மாலை, பொன்னாடை, மைக் கோளாறு என எல்லாம் முறைப்படி இருந்தன. மேடையில் ஒரு கம்ப்யூட்டரையும் மாலை போட்டு வைத்திருந்தார்கள். முன்வரிசையில் தேவானந்தம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மகள் பெயரைத் திரையில் பார்க்க வந்திருக்கிறார் என்று ஜெயவேலு காதில் சொன்னார்.

பேராசிரியர் மௌனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்தபோது, சாராள் மேடையோரம் வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு பிளாப்பி.

“சார், ரெண்டாவது டிஸ்க் முடிச்சிட்டேன். கிறிஸ்துமஸ் லீவ்லகூட உக்காந்து செஞ்சேன். இப்ப போட்டுக் காட்டலாமா? அப்பா வந்திருக்கார்.”

பேராசிரியர் பதறிப்போனார். “அதில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறதா?”

“இருக்கு சார்.”

“ஐயையோ! அப்படியானால் வேண்டாம். நாளைக்கு என் கட்டுரையின் கதி என்ன?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாராளும் பார்த்தாள். ‘போடும்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் போட்டால் மௌனம் போய்விடும். மௌனம் போனால் தாகம் போய்விடும். பிறகு என்னிடம் மிச்சம் இருப்பது பல்பொடிக்கு மேலே வந்த அரைப் பக்கம்தான். தோளில் பொன்னாடை இருந்தது. நல்ல சரிகை. நான் மைக்கைப் பிடித்தேன்.

“அன்பர்களே, கலைஞன் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது” என்றேன்.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சாராள் பிளாப்பி உறையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். தேவானந்தம் எழுந்து, எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மகளோடு வெளியே போனார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரமே அவள் பெங்களூர் போய்விட்டாள். அதையும் நான் இலக்கியபூர்வமாகவே எடுத்துக்கொண்டேன். சென்டருக்குப் போய், “திடீர்னு கெளம்பிட்டாளே. காரணம் சொல்லாமப் போறதும் ஒரு மௌனம்தான், ஜெயவேலு” என்றேன்.

ஜெயவேலு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“காரணமெல்லாம் சொல்லிச்சு சார். அந்த ரெண்டாவது பிளாப்பிய எனக்குப் போட்டுக் காமிச்சுட்டுத்தான் போச்சு.”

“அப்படியா? மல்லி யாராம்?”

“கப்பலு வெட்ச்சப்ப கேப்டன இட்டுகினு வந்தது மல்லி. ஜெயில ஒடச்சது மல்லி. தண்ணி கண்டுபுட்ச்சது மல்லி. கடைசில கிரீடத்தயும் அதான் கொணாந்து வெக்குது. நம்ம கேப்டன் மொதல்லேர்ந்து தூங்கிகினு கீறான் சார். எய்ந்து வந்து சிம்மாசனத்துல குந்திக்கிறான், அவ்ளோதான்.”

“அருமை!” என்றேன். “கேப்டன் தூங்குவது ஒரு குறியீடு. மனிதனின் அறியாமை எப்படிப்பட்டது என்றால்...”

“அதெல்லாம் எனுக்குத் தெர்ல சார்” என்று ஜெயவேலு குறுக்கிட்டார். “கேப்டன் மூஞ்சிய மட்டும் புச்சா மாத்திக்கீது. மூக்குக் கண்ணாடி, மீச, தோள்ல ஒரு பொன்னாட. பாத்த ஒடனே கண்டுபுட்ச்சுட்டேன் சார்.”