கடிகாரம் தெரியும் வரை பின்னால் போகும் மாமாவுக்கு

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

கீழ் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகளும் நலம். என் லேப்டாப்பும் நலம். தங்கள் போனின் நலத்தைப் பற்றி மட்டும் பதில் எழுத வேண்டாம், ஒரு வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாடியில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் போனை நீட்டுகிறீர்கள். போனில் எழுதி அனுப்பினால், பாதி படிக்கும்போதே பின்னால் போய்விடுவீர்கள். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

விஷயம் தாங்கள் அறிந்ததே. பல் டாக்டருக்காக நான் செய்யும் ஆப்பில், நோயாளி நேரம் கேட்டு 'உறுதி செய்' என்பதை அழுத்தினால் 'பதிவாகிவிட்டது, நன்றி' என்று வரும். அவ்வளவுதான். லேப்டாப் திரைக்குள்ளேயே ஒரு போலி போன் உண்டு, சிமுலேட்டர் என்போம். அதில் தங்கமாக வேலை செய்தது. என் போனிலும் செய்தது. அந்தச் சந்தோஷத்தில், பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் பரிசோதித்த கண் ஆயிற்றே என்று நம்பி, "மாமா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று தங்களிடம் கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல. மதியத்துக்குள் இறங்கி வந்து, "மாப்ள, எனக்கு அஞ்சு பல்லு புடுங்க நேரம் குடுத்திருக்காங்க. இருக்கறதே நாலுதான்" என்றீர்கள்.

அன்று போனது என் தூக்கம். சிமுலேட்டரில் பார்த்தால் ஒரே பதிவு. முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் 'பின்' பொத்தானைக் கொஞ்சம் மாற்றினேன். தங்கள் போனில் சரியாயிற்று, சிமுலேட்டரில் முதல் பக்கத்தையே காணோம். அதைத் தேடிக் கொண்டுவந்தேன். தங்கள் மகளின் போன் வெறும் வெள்ளைத் திரையோடு நின்றுவிட்டது, "இனிமே என் போன்ல கைய வெச்சீங்க, பாருங்க" என்றாள். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். தாங்கள் மறுபடி பல் பிடுங்கக் கிளம்பிவிட்டீர்கள். நேற்று தங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. எந்த ஆப்பிலிருந்தும் வெளியே வர, போனின் முகப்பில் கடிகாரம் தெரியும் வரை 'பின்' பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறீர்கள். வழியில் 'உறுதி செய்' எதிர்ப்பட்டால் அதற்கும் ஒரு அழுத்து. ஒவ்வொரு அழுத்துக்கும் அடுத்த காலி நேரத்தில் ஒரு பல் பதிவாகிறது. "கேட்டா பதில் சொல்லணும்ல மாப்ள" என்று விளக்கம் வேறு. பதிவான பிறகு யாராவது திரும்பிப் போவார்களா மாமா? பஸ்ஸை விட்டு இறங்கியவர் பின்வாசலில் ஏறி இன்னொரு டிக்கெட் வாங்குவாரா? ஆகவே பிழை என் ஆப்பில் இல்லை, தங்கள் கட்டைவிரலில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நாளைக் காலை ஆப்பைப் பார்க்க டாக்டர் இங்கே வருகிறார். சம்பள வேலையை விட்டுவிட்டு நான் தனியாகச் செய்யும் முதல் வேலை இது. இது கைநழுவினால் பழைய மேனேஜரிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. அதனால் ஒரே விண்ணப்பம்: டாக்டர் கிளம்பும் வரை தாங்கள் கீழே இறங்க வேண்டாம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் போன் மாடியிலேயே இளைப்பாறட்டும்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும். நாளை மறுநாள் குணமானால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மரியாதை குறையாத
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. வரவேற்பில் இருக்கும் அம்மா பேசினார். "சார், டாக்டர் உங்க ஆப்பைப் போட்டுப் பாத்தாரு. நாளைக்குக் காலையில இருக்கற நேரம் மொத்தமும் அவரு பேர்லயே பதிவாயிருக்கு. உங்க வீட்டுக்கு வரக்கூட நேரமில்லயாம், சாயங்காலம்தான் வருவாராம்." ஆப்பிலிருந்து எப்படி வெளியே வந்தார் என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான் சார். கடிகாரம் தெரியற வரைக்கும் பின்னாடியே போவாரு."

பதிவு முடிந்ததும் 'உறுதி செய்' பக்கத்தை எடுத்துவிடாமல், அதன் மேலேயே நன்றியை வைத்துவிட்டுப் போனவன் நான்தான். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, போனோடும் கட்டைவிரலோடும் உடனே கீழே இறங்கி வரவும். முழங்கால் வலி இப்போதே குணமாகட்டும்.