ஒன்பது நாள் மாடியிலேயே இருங்கள்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாளை, அவருடைய சொந்த வீட்டு மாடியிலேயே, பட்டப்பகலில் சிறை வைத்தவள் நான்தான். அதுவும் நவராத்திரி முதல் நாள், மடிசஞ்சியாகக் குளித்து முழுகி, வாய் நிறைய ஸ்லோகம் சொல்லிக்கொண்டே செய்தேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. விவரம் தெரியாத வயது என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை.

என் வீட்டுக்காரர் சிதம்பரம் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நேரத்தில், தெற்கு தில்லியில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு பழைய வீடு வாடகைக்கு வந்தது. கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் வள்ளி, வாசலில் நின்று பார்த்ததுமே மூச்சுவிட மறந்துபோனாள். தட்டைக் கூரை, ஏரிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி, சிமெண்டில் வார்த்த ஓட்டைச் சுவர், மொசைக் தரை. "அம்மா, இது மிட்-செஞ்சுரி மாடர்ன், அம்பது அறுபதுகளோட ஸ்டைல், தெரியுமா?" என்றாள். எனக்கென்னவோ இருபத்தெட்டு வருஷம் குடியிருந்த குவார்ட்டர்ஸ்தான் தெரிந்தது. அங்கேயும் தட்டைக் கூரைதான், அங்கேயும் ஓட்டைச் சுவர்தான். (புறா கூடு கட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.) அதைச் சொன்னதற்கு அவள் என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

ஆனால் ஒரே மாதத்தில் நானும் அந்த வீட்டின் மேல் பைத்தியமாகிவிட்டேன். நாங்கள் குடிபோனது ஏப்ரலில். வெளியே அனல் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருக்கும்போது, ஏரிக் காற்று அந்த ஓட்டைச் சுவர் வழியாக நுழைந்து கூடத்தைச் சில்லென்று வைத்திருந்தது. தரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெயில் விழும். கட்டம் நகர நகர, என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர்வார். ஜூலையில் மழை வந்தபோது கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் திரை போலக் கண்ணாடிக்கு வெளியே இறங்கியது. ஏரி தோட்டத்து வேலி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மயில் ஒன்று நனைந்துகொண்டே வந்து சமையலறை ஜன்னலில் நின்று என்னை முறைத்தது. இதையெல்லாம் போனில் அக்காவிடம் சொல்லிச் சொல்லி அவள் காதைப் புண்ணாக்கினேன்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் மிஸஸ் மல்ஹோத்ரா. டேராடூனில் இருந்தார். அவருடைய அப்பா, இன்ஜினியர், தன் கையால் வரைந்து கட்டிய வீடு அது. நான் அவரை நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதோடு சரி. ஆறு மாதம் பார்ப்போம், வீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளும் விதம் பிடித்திருந்தால் ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது, தரையில் கீறல் விழக் கூடாது. அப்பா விட்டுப்போனபடியே வீடு இருக்க வேண்டும். நான் அந்த வீட்டைப் புகழ்ந்து தள்ளும்போதெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொல்வார், இதெல்லாம் ஒன்றுமில்லை, குளிர்காலத்தில் பாருங்கள் என்று. டிசம்பரில் சூரியன் தாழ்ந்து வரும்போது வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து, கூடத்தைத் தாண்டி, மாடிப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறுமாம். டிசம்பர் கடைசிக்குள் மேல் படியைத் தொட்டுவிடுமாம். அப்பா அதற்காகவே கணக்குப் போட்டு அந்த இடத்தில் படி வைத்தாராம். தில்லிக் குளிரில் இருபத்தெட்டு வருஷம் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? அந்த டிசம்பருக்காக நான் விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் நவராத்திரி வந்து தொலைத்தது. (அம்பாள் மன்னிக்கட்டும்.)

எங்கள் இரும்புக் கொலுப்படியைக் காலி செய்யும்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரிக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். புதிதாக வாங்கினால் அதன் கால் மொசைக் தரையைக் கீறும். இப்படி யோசித்தபடி கூடத்தில் நின்றவளின் கண்ணில் அந்த மாடிப்படி பட்டது. சுவரிலிருந்து தேக்குப் பலகைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், நடுவில் காலியாக இருக்கும், வேறு தாங்கல் கிடையாது. மொத்தம் பதினைந்து. மேலே ஒரே ஓர் அறை, அதையும் மிஸஸ் மல்ஹோத்ரா தனக்கென்று பூட்டி வைத்திருந்தார். ஆறு மாதமாக ஒரு ஈ காக்கை ஏறாத படி! ஆணி வேண்டாம், கீறல் விழாது, ஒன்பது படி ரெடியாக இருக்கிறது. இன்ஜினியர் அப்பா கொலுவுக்காகவே கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுமா தோன்றாதா, சொல்லுங்கள்.

மிஸஸ் மல்ஹோத்ரா ஒப்பந்தம் விஷயமாக அன்றைக்குச் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கொலுவை வைத்து, அவருக்கு நெற்றியில் குங்குமம் இட்டு, சுண்டலைக் கையில் கொடுத்து, கையோடு கையெழுத்தையும் வாங்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். காலையில் வள்ளியை இழுத்துக்கொண்டு பூ வாங்க மார்க்கெட் போனேன். திரும்பி வந்தால் வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்காரரைக் காணோம், அவருடைய போன் மட்டும் சார்ஜில் கிடந்தது. அது அவர் வழக்கம்தான். இதுவும் நல்லதுக்குத்தான், குறுக்கே வந்து யோசனை சொல்ல ஆளில்லை என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

அவருடைய நாலு வேட்டிகளைப் பலகைகளின் மேல் வழிய விட்டு, அடியில் சேஃப்டி பின் குத்தினோம். பொம்மைகளைச் சுற்றியிருந்த பழைய நியூஸ்பேப்பரை எல்லாம் பிரித்துப் பிரித்துச் சாப்பாட்டு மேஜை மேல் மலையாகக் குவித்தோம். தசாவதாரம், செட்டியார் தம்பதி, கல்யாண ஊர்வலம், மாமல்லபுரத்தில் வாங்கிய கருங்கல் நந்தி, எல்லாம் விளிம்பு முதல் விளிம்பு வரை அடைசலாக. ஒன்பதாவது படியில் கலசம். கண்ணாடி வழியாக ஏரி, எதிரே கொலு. எனக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது. கற்பூரத்தை ஏற்றி, கண்ணை மூடி, அம்பாளை வாயார அழைத்தேன்.

கண்ணைத் திறந்தால் அம்பாள் மேலே நிற்கிறாள்.

வெள்ளி முடி, சிவப்புக் கரை போட்ட பட்டுப் புடவை, கலசத்துக்கு நேர் மேலே. சத்தியமாகச் சொல்கிறேன், தட்டைக் கீழே வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அம்பாள் தோளில் ஹேண்ட்பேக் மாட்டியிருந்ததை எழுந்த பிறகுதான் கவனித்தேன்.

நடந்தது இதுதான். மிஸஸ் மல்ஹோத்ராவுக்கு ஊரில் அவசர வேலை, சாயங்காலமே ரயில் ஏற வேண்டும். அதனால் பதினொரு மணிக்கே வந்துவிட்டார். பயணத்தில் தலைவலி, மேலே போய்ப் படுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அவருக்காகப் பனீர் வாங்கக் கிளம்பும்முன், முப்பத்தைந்து வருஷம் ஃபைல் எழுதிய கை சும்மா இருக்குமா, மேஜை மேல் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். "திருமதி மல்ஹோத்ரா 11.10 மணிக்கு வருகை. மாடியறையில் ஓய்வு. தகவலுக்காக." அந்தத் தகவல், நாங்கள் குவித்த நியூஸ்பேப்பர் மலைக்கு அடியில் நிம்மதியாகக் கிடந்தது.

மிஸஸ் மல்ஹோத்ரா படிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாக, "பேட்டா, முஜே நீச்சே ஆனா ஹை," என்றார். கீழே வர வேண்டுமாம். நியாயமான ஆசைதான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஓடிப்போய்ப் பொம்மைகளை எடுத்திருக்க வேண்டும். மாறாக, கலசம் வைத்தாகிவிட்டது, இனிமேல் பொம்மைகளை அசைக்கக் கூடாது, அபசகுனம் என்று என் ஓட்டை ஹிந்தியில் பாடம் எடுத்தேன். எப்போது அசைக்கலாம் என்று கேட்டார். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"தசரா வரைக்கும் இருக்கட்டும் மாதாஜி. நௌ தின். ஒன்பதே நாள்."

"நௌ தின்," என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கோபமே இல்லை, அவர் நிஜமாகவே அதை யோசித்துப் பார்த்தார்.

வள்ளி என் முந்தானையை இழுத்து, "அம்மா, இது அவங்க வீடும்மா," என்றாள். எனக்கும் அது தெரியும். ஆனால் முப்பது வருஷமாக ஒரு தடவையும் கலைக்காத கொலு, கலைத்தால் குடும்பத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம், ஒப்பந்தம் கைநழுவுகிறதே என்ற பதற்றம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், ஒரு கூடையில் கயிறு கட்டிச் சுண்டல் அனுப்பட்டுமா என்று கேட்டேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வந்த டாக்சி வெளியே ஹாரன் அடித்தது, நாலு கடை அலைந்து வாங்கிய பனீரும் கையுமாக வீட்டுக்காரர் நுழைந்தார். மேலே அந்த அம்மாள், நடுவில் தசாவதாரம், கீழே நான்.

"ஏட்டி, மேல ஆள் இருக்குன்னு எழுதி வச்சேன்லா," என்றார்.

தோட்டத்துப் பக்கம் ஏணி வைக்கலாமா என்று இழுத்தேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு படியில் ஏறினேன். அப்போதாவது முழுசாக எடுத்தேனா? மனசு வரவில்லை. பொம்மைகளை வெளி விளிம்புக்குத் தள்ளி, சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு வழி செய்தேன். கலசம் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மிஸஸ் மல்ஹோத்ரா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இறங்கினார். ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது படியில் அவர் கால் விரல் வேட்டியில் மாட்டியது. அவர் காலை உதற, எங்கோ ஒரு பின் கழன்றது.

பிறகு எல்லாம் ரொம்ப நிதானமாக நடந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். வேட்டி மெல்ல வழுக்க ஆரம்பித்தது. மச்சம் போனது, கூர்மம் போனது, அவதாரங்கள் வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாகப் போயின. செட்டியார் தனியாக, செட்டிச்சி தனியாகப் போனார்கள். கலசத்துத் தேங்காய் படிக்குப் படி தத்தி இறங்கிக் கூடத்தைத் தாண்டி ஏரிப் பக்கமாக உருண்டது. என் வீட்டுக்காரர் பனீரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்த அம்மாளைத் தாங்கிப் பிடித்தார். அவருக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை, அம்பாள் அந்த மட்டும் காப்பாற்றினாள். கடைசியாக நந்தி விழுந்தது. கருங்கல். மொசைக் தரையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பள்ளம்.

மிஸஸ் மல்ஹோத்ரா இறங்கி வந்து, அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தார். அப்பா இருந்தவரைக்கும் இந்தத் தரையில் யாரும் செருப்போடு நடந்ததில்லை என்றார். நான் ஆணியே அடிக்கவில்லை என்று முணுமுணுத்தேன். "அச்சா," என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் நின்ற இடத்திலேயே பாதியாகிப்போனேன். சுண்டலை மட்டும் வேண்டாமென்று சொல்லாமல் டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார். ரயிலைப் பிடித்தாரா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. திட்டவே இல்லை, திட்டியிருந்தால் தேவலை. உங்களுக்குச் சாமான் பிடிக்கும், இந்த வீட்டுக்குக் காலி இடம் பிடிக்கும், இரண்டு பேருமே நல்லவர்கள்தான், ஆனால் சேர்ந்து இருக்க முடியாது என்றார். நவம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். நானும் மன்னிப்புக் கேட்டேன், கெஞ்சினேன், தரையைச் சரிபண்ணித் தருகிறேன் என்றேன். அந்தக் கலர்க் கல் இப்போது கிடைக்காது பேட்டா என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் கிளம்பிய நாள் காலையில் லாரிக்காரன் ஜல்தி ஜல்தி என்று கத்திக்கொண்டிருந்தான். நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து, தரையைக் கடந்து, மாடிப்படியில் ஏற ஆரம்பித்திருந்தது. மூன்றாவது படி வரைக்கும் வந்திருந்தது. மீதிப் பன்னிரண்டு படியை நான் பார்க்கவே இல்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அந்த மூன்றாவது படியில் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வள்ளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகில் இதமாகச் சுட்டது.

இப்போது நாங்கள் துவாரகாவில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பில், மூன்றாவது தளத்தில் இருக்கிறோம். வீட்டுக்குள் மாடியும் கிடையாது, படியும் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் நான் கலசத்தைக் கையில் எடுத்ததும் என் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவில் வந்து நின்று, விட்டத்தைப் பார்த்து, "மேல யாரும் இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்பார். வள்ளி பெங்களூரிலிருந்து வீடியோ காலில் கூடச் சேர்ந்து கேட்பாள்.

போன வருஷம் இவர் போட்ட சத்தம் நாலாவது தளத்து சர்தார்ஜி காதில் விழுந்து, என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவரை உட்கார வைத்து, சுண்டல் கொடுத்து, கதை முழுவதையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் பால் வாங்கக் கிளம்பி லிஃப்டில் ஏறினால், மேலிருந்து வரும் சர்தார்ஜி கையைக் கூப்பிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் கேட்கிறார்:

"ஆன்ட்டிஜி, நான் கீழே போகலாமா?"