டோனட்டை நான்தான் செய்தேன் என்பதற்கு விளக்கம்

அன்பும் அதைவிட அதிகமாக முன்கோபமும் நிறைந்த என் ஒரே தம்பிக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதில் இரண்டு பேர் மூட்டுவலியோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று நீ எழுதமாட்டாய், வாசலில் சோதனை போடுகிற ஊசி ஐயாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற சிறை அலுவலக ஐயாவுக்கும் என் பணிவான வணக்கம். ஐயா, நான் மூணாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப்பிழைக்கு எத்தனை மாதம் உள்ளே போடுவீர்கள் என்று தெரியாது, பெரிய மனசு பண்ணி விட்டுவிடவும்.

நிற்க. பார்சல் ரசீதுக்குப் பின்னால் நீ பென்சிலால் எழுதியனுப்பிய ஒன்றரை வரி கிடைத்தது. பதினொரு மாதமாக உன்னைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்து, "வரமாட்டேங்கிறான்மா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பப் பஸ் ஏறுகிறவளுக்கு ஒன்றரை வரி என்பது பெரிய புராணம். மடித்து மடித்துப் படித்ததில் தாளே கிழிந்துவிட்டது. "அக்கா, டோனட் நல்லா இருக்கு. யார் செஞ்சது? அம்மான்னா இனிமே அனுப்பாதே." இதுதானே உன் கேள்வி? பதில் கேட்டுக்கோ. நான்தான் செய்தேன். உன் மாமா தலைமேல் சத்தியம். (அந்தத் தலையில் இனிமேல் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் தைரியமாகச் செய்யலாம்.) அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. "இனிமே உன் கையால ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்"னு நீ கோர்ட்டில் கத்தினது எனக்கும் ஞாபகம் இருக்கு, அம்மாவுக்கும் ஞாபகம் இருக்கு, அங்கே டைப் அடிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைக்கும் கட்டாயம் இருக்கும். மாடிவீட்டுக்காரரை நீ படிக்கட்டில் தள்ளினதை அம்மா பார்த்துச்சு, அவர் மூணாம் நாள் செத்துப்போனாரு, ஜட்ஜ் கேட்டாரு, பார்த்ததை அம்மா சொல்லுச்சு. அதைப் பத்திப் பேச நான் வரலை. நான் வந்தது டோனட்டைப் பத்தி.

சின்ன வயசுல அம்மா பேக்கரியில தட்டு கழுவப் போனப்போ, மிஞ்சின மாவைக் கொண்டுவந்து நமக்குப் பொரிச்சுக் கொடுக்கும். அதே வாசம் அடிக்குதேன்னு உன் மூக்கு சொல்லியிருக்கும். மூக்கை நம்பாதே. மூக்குமேல வர்றதை நம்பித்தான் நீ இப்போ அங்கே இருக்கே.

ஏன் டோனட்னு கேளு. முதல்ல உனக்கு ஜாம் வச்ச பன்தான் கொண்டுவந்தேன். ஊசி ஐயாகிட்ட சாக்கு தைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு, உள்ளே கத்தி இருக்கா, பிளேடு இருக்கான்னு எல்லாத்தையும் குத்துவாரு. குத்தின குத்துல ஜாம் பீறிட்டு அவர் சட்டையில அடிச்சு, பார்க்கிறவங்களுக்கு நான் அவரைக் கொலை பண்ணின மாதிரி ஆயிடுச்சு. நம்ம குடும்பத்துல இன்னொண்ணு தாங்காது. அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன், நடுவுல ஒண்ணுமே இல்லாத பண்டமா செய்யணும்னு. ஓட்டை வழியா அவரே பார்த்துக்கட்டும்.

முதல் தடவை என்னாச்சு தெரியுமா, வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டைக் கரைக்கணும்னு பாக்கெட்டுல போட்டிருந்துச்சு, வெதுவெதுப்புன்னா எவ்வளவுன்னு போடலை, நான் ஹோட்டல் சலவைக்கூடத்துல பதினெட்டு வருஷமா ஆவி இஸ்திரிப்பெட்டி பிடிச்சுத் துணி தேய்க்கிறவ, என் கைக்குக் கொதிக்கிறதே வெதுவெதுப்புதான், ஊத்தினேன், ஈஸ்ட் செத்துப்போச்சு. ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன், மாவு அசையலை. உன் மாமா பஸ் ஓட்டுற வேலை முடிஞ்சு வந்து அதைத் தட்டிப் பார்த்துட்டு, "இதுல ஒண்ணைப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தா பஸ்ஸு மலையிலகூட நகராதுடி"ன்னாரு. இருந்தாலும் பொரிச்சேன். தெருநாய்க்குப் போட்டேன். அது மோந்து பார்த்துட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச்சு பாரு, கோர்ட்டுல நீ பார்த்த பார்வை.

ரெண்டாம் தடவை பால் சரியா இருந்துச்சு, வீடு குளிர்ந்து கிடந்துச்சு. சூடான இடத்துல மூடி வைன்னு அம்… பாக்கெட் சொல்லுச்சு (கோடு போட்டு அடிச்ச எழுத்தைப் படிக்காதே). சூடான இடத்துக்கு எனக்கா பஞ்சம்? பாத்திரத்தோட சலவைக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போய், மெஷினுக்குப் பக்கத்துல, மடிச்ச போர்வைக்கு நடுவுல மறைச்சு வச்சேன். மத்தியானம் பார்த்தா மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, நாலு போர்வை நனைச்சு, அஞ்சாவதுல ஏறிக்கிட்டு இருக்கு. மேனேஜர் வந்தாரு. "என்னம்மா இது?" "தம்பிக்குங்க." "உன் தம்பியா?"ன்னு ரெண்டடி பின்னால போயிட்டாரு. ஊர்ல உனக்கு அப்படி ஒரு பேரு இருக்கு, என்ன பண்றது. அன்னிக்கு என் வேலையைக் காப்பாத்தினது உன்மேல இருக்கிற பயம்தான், நன்றி.

மசாலாவுக்கு வருவோம். ஏலக்காய், பட்டை, துளி ஜாதிக்காய், ரெண்டே ரெண்டு கிராம்பு. கிராம்பைச் சர்க்கரையோட சேர்த்து இடிச்சாத்தான் காரம் அடங்கும், இல்லேன்னா நாக்கைப் பிடிக்கும். இது எனக்கு எப்படித் தெரியும்னு கேட்காதே, தெரியும். ஓட்டை போட மூடி தேடிக்கிட்டு இருந்தப்போ, "உருட்டிட்டு விரலை விட்டுச் சுத்துடி, மூடி எதுக்கு?"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. அது யார் குரல்ங்கிறது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது.

அடுப்புல எண்ணெய் வச்சுட்டு நான் உருட்டுற மும்முரத்துல இருந்துட்டேன், அது புகைஞ்சு வீடு நிறைஞ்சு ஜன்னல் வழியா மேலே போயிடுச்சு. தடதடன்னு யாரோ இறங்கி வர்ற சத்தம். கதவைத் திறந்தா மாடிவீட்டு அம்மா. அவர் போனதுக்கு அப்புறம் அவங்க நம்ம வாசல்ல நின்னது அதுதான் முதல் தடவை. நம்மளைத் தாண்டும்போது முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டுத்தான் தாண்டுவாங்க. "தீப்பிடிச்சிருச்சோன்னு பார்த்தேன்"னாங்க. இல்லைங்க, எண்ணெய்தான்னு சொன்னேன். மேசையில வரிசையா வச்சிருந்ததைப் பார்த்தாங்க. "யாருக்கு?" நான் ஜெயிலுக்குக் கொண்டுபோற டப்பாவைப் பின்னால தள்ளினேன். அவங்களுக்கும் புரிஞ்சிருச்சு. "எங்க வீட்டுக்காரருக்கும் பட்டை வாசம்னா உசுரு"ன்னு சொல்லிட்டு மேலே ஏறிப் போயிட்டாங்க. ஒவ்வொரு படியா, அந்தப் படியிலேயே. சாவு வீட்டுலகூட ஆளைச் சிரிக்க வைக்கிறவன்னு என்னைச் சொல்லுவீங்களே, எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோணலை.

அப்புறம் வாசல் கதை. ஊசி ஐயா டோனட்டைத் தூக்கி ஓட்டை வழியா என்னைப் பார்த்தாரு, நானும் அந்தப் பக்கத்துல இருந்து அவரைப் பார்த்தேன். ஊசிக்கு வேலை இல்லாம அவருக்கு மனசு கேட்கலை. "என்னென்ன போட்டே?"ன்னாரு. ஒழுங்கா ஏலக்காயோட நிறுத்தியிருக்கலாம், பெருமை விடலை, ஈஸ்ட்டுன்னுட்டேன். "ஈஸ்ட்டா! அதை வச்சுத்தானே உள்ளே சரக்கு காய்ச்சுறானுங்க!" "ஐயா, அது எண்ணெயில வெந்து செத்துப்போச்சுங்க." "செத்துச்சுன்னு நீ சொன்னா ஆச்சா? சாட்சி யாரு?" பெரிய அதிகாரி வந்தாரு. ஒண்ணு தின்னாரு. போதை ஏறுதான்னு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாரு. ஏறலை. சந்தேகம் தீர இன்னொண்ணு தின்னாரு. பன்னிரண்டு கொண்டுவந்ததுல உனக்குப் பத்து வந்ததுக்கு இதுதான் காரணம், என்னைத் திட்டாதே. (படிக்கிற ஐயா, நீங்கதான் அந்த அதிகாரின்னா மன்னிக்கவும். வயிறு சரியாயிடுச்சா?)

இவ்வளவு விவரம் செஞ்சவளுக்குத்தானே தெரியும்? போதுமா சாட்சி?

இப்போ முக்கியமானதைச் சொல்றேன். அடுத்த மாதம் உன்னைத் தூரத்து ஜெயிலுக்கு மாத்தறாங்களாம். அங்கே போக ஒன்றரை நாள் ரயில். அதுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை டோனட்டும் கிடையாது, அக்காவும் கிடையாது. நடுவுல மூணே ஞாயிறு இருக்கு. வர்ற ஞாயிறு நான் மட்டும், தனியா வர்றேன். உன் பேரைக் கூப்பிட்டா எழுந்து வா. பேசவேண்டாம். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தின்னு, நான் பார்த்துட்டுப் போயிடறேன்.

உன் உடம்பு தேறவேண்டும், உன் கோபம் மட்டும் இளைக்கவேண்டும் என்று நாளும் வேண்டிக்கொள்ளும்,
பொய்யே அறியாத உன் அக்கா.

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். நாய் வந்த இடத்துல சிரிச்சுச்சு. மேனேஜர் பயந்த இடத்துல சிரிக்கலை. முடிச்சதும், "அதுல பொய் இருக்கு, கிழி"ன்னுச்சு. "இந்த ஒரு பொய்யில அவன் எழுந்து வந்துருவான்மா"ன்னேன். "ஜெயிலுக்குப் போகாம அவனைக் காப்பாத்தவே நான் பொய் சொல்லலை. திங்க வைக்கவா பொய் சொல்லுவேன்?"ன்னுச்சு.

கை வலிக்க எழுதினதைக் கிழிக்க எனக்கு மனசில்லை. அதனால உண்மையைக் கீழே ஒட்ட வைக்கிறேன். செத்துப்போன முதல் மாவு மட்டும்தான் என்னுது. போர்வையில ஏறினதுல இருந்து, ஏழு ஞாயிறும் உனக்கு வந்த அத்தனையும் அம்மா பிசைஞ்சது, அம்மா இடிச்சது, அம்மா விரல்ல சுத்தினது. நான் வரிசையில நிக்கிறப்போ அம்மா எதிர்ல பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்திருக்கும். நீ அனுப்புற காலி டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தா, திறந்து பார்த்துட்டு மூடி மடியில வச்சுக்கும். ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன்னவன் அம்மா கையால வயிறு நிறையத் தின்னிருக்கே. என்னை வந்து திட்டு. திட்டுறதுக்காவது வா.

இனி வர்றது அம்மா சொல்லச் சொல்ல எழுதறது.

"கண்ணு, பிசைஞ்சது நான். படியில தள்ளினது நீ. மாத்திச் சொல்ல எனக்கு வராது. வேண்டாம்னா தூக்கிப் போட்டுடு, கோவிச்சுக்கமாட்டேன். ஆனா இந்த ஞாயித்துக்கிழமை நான் பஸ் நிறுத்தத்துல உட்காரப் போறதில்லை. உள்ளே வந்து பெஞ்சுல உட்காருவேன்."

"அவ்வளவுதானாம்மா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான்னுச்சு. பசை எடுக்க எழுந்தேன். "இருடி"ன்னுச்சு. போன வாரம் கிராம்பு கொஞ்சம் தூக்கலா ஆயிடுச்சான்னு உன்னைக் கேட்டு எழுதச் சொல்லுது.