மூன்றாவது எச்சரிக்கை

வசவுச்சொல் இல்லாத உலகம் வந்தே தீரும். அது தன் புகார்ப் பிரிவிலிருந்துதான் தொடங்கும் என்பதில் மேற்பார்வையாளருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. போனில் வாடிக்கையாளர் திட்டினால் மூன்று எச்சரிக்கை. மூன்றாவதோடு லைனைத் துண்டித்துவிட வேண்டும். அவரே வகுத்த விதி. நாற்பத்திரண்டு வருடங்களில் தன் வாயிலிருந்து ஒரு வசவும் வந்ததில்லை என்று அவர் சொல்லும்போது புதியவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

அவருடைய அப்பா லாரி மெக்கானிக். ஸ்பேனர் கேட்பதே வசவோடுதான். பக்கவாதம் வந்து அவருடைய சொற்களையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று, ஒன்றைத் தவிர.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்து மகனைப் பார்த்தார்.

"பன்னாடை."

பேச்சுப் பயிற்சி தரும் பெண் துள்ளிக் குதிக்காத குறை. "அருமை சார்! சிலருக்குத் திட்டு மட்டும்தான் மிஞ்சும். அதைப் பிடிச்சுத்தான் மத்ததை மேல இழுக்கணும். நான் பத்து நாள் லீவு. என்ன சொன்னாலும் நீங்க பதில் பேசிக்கிட்டே இருங்க."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

கெட்டதைப் பிடித்து நல்லதை இழுக்க முடியாது என்பது மகனின் கொள்கை. தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் பழங்களோடு வந்தார்.

"அப்பா, யார் வந்திருக்காங்க பாருங்க."

"பன்னாடை."

"என்ன சொல்றார்?" என்றார் மேனேஜர்.

"அது... லாரி பார்ட்ஸ் சார். பழைய தொழில் ஞாபகம்."

மேனேஜர் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ச்சியோடு நின்றிருக்கலாம். தன் காரிலும் அது தேய்ந்திருக்கும் என்று சந்தேகப்பட்டு, வொர்க்‌ஷாப்பில் போய் மெக்கானிக்கின் முகத்துக்கு நேராக அதைக் கேட்டார். மறுநாள் மூக்கில் பிளாஸ்திரியோடு ஆபீஸ் வந்தவர், மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனிப் பொறுப்பதில்லை என்று மகன் விதியைக் கட்டிலருகே கொண்டுவந்தார்.

"பன்னாடை."

"முதல் எச்சரிக்கைப்பா."

"பன்னாடை!" அப்பாவின் ஒரு பக்க உதடு சிரித்தது.

"ரெண்டு."

"பன்னாடை!"

"மூணு." எழுந்து வெளியே போய்விட்டார்.

தினமும் இதே கூத்து. யாரும் பதில் பேசக் கூடாது என்று நர்ஸுக்கும் உத்தரவு. ஆறாம் நாள் அப்பா இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டார். எட்டாம் நாள் ஒரு முறை. ஒன்பதாம் நாள் ஒன்றுமே இல்லை.

"எழுபது வருஷப் பழக்கம், ஒரே வாரத்துல திருத்திட்டேன்," என்று ஆபீஸில் அறிவித்தார். கைதட்டினார்கள்.

லீவு முடிந்து வந்த பயிற்சிக்காரப் பெண் படங்களைக் காட்டினாள், பாடிப் பார்த்தாள், கையைத் தட்டினாள். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையும் நிறுத்திட்டாரா?"

"நிறுத்தவெச்சேன்," என்றார் மகன். குரலில் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது.

அவள் படங்களைப் பைக்குள் போட்டாள். "இருந்த ஒரே கயிறு அதுதான் சார்."

அவள் போன பிறகு மகன் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அப்பாவின் காதருகே குனிந்தார்.

"பன்னாடை."

அசைவில்லை.

"பன்னாடை... அப்பா, பன்னாடை."

மூன்றாவதோடு அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

கட்டிலுக்கடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரித் துப்புரவுக்காரி நிமிர்ந்தாள். "அட, நீங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவீங்களா? எங்களை யாரையும் அவர் அப்படிச் சொன்னதே இல்ல சார். நீங்க எழுந்து போனப்புறம்தான் கதவைப் பாத்து, அதைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே கெடப்பாரு."